பெயர் எழுத வேண்டாம்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதைக் கிழித்துப் போடாமல் இருந்தால் அதுவே பெரிது. பதினோரு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் இந்த விஷயத்தை நான் போனில் பேசமாட்டேன். இந்தப் போன் கம்பெனி கொடுத்தது. யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று தெரியாது. மடியில் கனம் இருப்பவனுக்குத்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு இப்போது மடி நிறையக் கனம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கப் போகிறேன். வேலையில் இருக்கும் மேனேஜர்களுக்கான படிப்பு. நிறுவன நடத்தை, மனிதவள மேலாண்மை என்று இரண்டு பாடம். நாற்பத்தேழு வயதில் பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துக்கொள். கட்டணம் கம்பெனியுடையது. முடிவில் ஒரு ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும். 'பணியாளர்கள் ஏன் மேலிடத்தில் பேசுவதில்லை' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டேன். எங்கள் சலவை ஆலையில் அன்று வேலைக்கு வந்திருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். உச்சியில் கொட்டை எழுத்தில் 'பெயர் எழுத வேண்டாம்' என்று அச்சடித்திருந்தேன். ஒரு காலி சோப்புத்தூள் டின்னின் மூடியில் துளை போட்டு, பூட்டு மாட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். எல்லோரையும் நிற்கவைத்து, "யார் எழுதினதுன்னு நான்கூட தெரிஞ்சுக்க மாட்டேன், சத்தியம்" என்று சொன்னேன்.

முப்பத்தேழு தாள்களில் எல்லாம் நன்றாக இருந்தது. டீ இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கலாம் என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். மீதி ஒரு தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது கேள்வியைப் பார். 'மேலதிகாரியிடம் சொல்லத் தயங்கும் விஷயம் ஏதாவது உண்டா?' அதற்குப் பதில்: 'ரெண்டாம் பாய்லர் சேஃப்டி வால்வுல கூடுதலா எடை தொங்குது. தொங்கவிட்டது நான்தான். மேலே சொன்னாங்க, செஞ்சேன். தினமும் அதுக்கு முன்னால நிக்கும்போது வயிறு கலங்குது. சொன்னா வேலை போகும். சொல்லலைன்னா என்ன போகும்னு எனக்குத் தெரியும்.'

பாய்லருக்குள் நீராவி அளவுக்கு மேல் ஏறினால் தானாகத் திறந்து வெளியே விடுவதற்குத்தான் அந்த வால்வு. எடை கூடினால் அது திறக்காது. திறக்காவிட்டால் ஒருநாள் பாய்லரே திறந்துகொள்ளும். சுவருக்கு இந்தப் பக்கம் இஸ்திரி உருளைகளில் பதினாறு பெண்கள் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தேன். நான் இஸ்திரிப் பக்கத்திலிருந்து மேலே வந்தவன், பாய்லர் எனக்குப் புரியாது. வால்வின் கம்பியில் இரும்பில் வட்டமாக ஏதோ தொங்குகிறது. அது அங்கே இருக்க வேண்டியதுதானா என்று யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. பாய்லர் பதிவேட்டை எடுத்து எழுத்தை ஒப்பிடலாம். ஆனால் மேனேஜர் எதற்குத் திடீரென்று பதிவேடு கேட்கிறார் என்று பேச்சு வரும்.

பாய்லர் பார்ப்பவர்கள் மூன்று பேர். மீசைக்காரர் கால் உடைந்து ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறார். மீதி இரண்டு பேரில் ஒருவர், எல்லோரும் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் ஆள். இன்னொருவர் உன் புருஷன்.

போன ஏப்ரலில் மாப்பிள்ளை பாய்லரை அரைநாள் நிறுத்தினார், விரிப்புகள் தாமதமாகப் போயின, நான் 'பணியில் அலட்சியம்' என்று மெமோ கொடுத்தேன். சொந்தக்காரன் என்பதால் விட்டுவிட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் கொடுத்தேன். நீ பேச்சை நிறுத்தினாய். அவர் வேறு மாதிரி நிறுத்தினார்: அன்றிலிருந்து என்னை மச்சான் என்று கூப்பிடுவதில்லை. வேலைக்காக இங்கே தனி அறையில் தங்கியிருக்கிறார், என் வீட்டுக்கு வந்தாலும் 'சார்'தான்.

நீ கண் ஆஸ்பத்திரி பதிவறையில் நாள் முழுக்க டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்கிறவள். இது அவர் எழுத்தா? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுது. ஆம் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நீராவி சீறும் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 6

அண்ணனுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். உறை தடிமனாக இருந்தது, உள்ளே மன்னிப்பு இருக்கும், படித்துவிட்டுக் கிழிக்கலாம் என்று பிரித்தேன். நான்கு பக்கமும் தேடிவிட்டேன், அதைத் தவிர எல்லாம் இருக்கிறது.

இது அவர் எழுத்து இல்லை. போதுமா? அவர் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும், இது சாய்ந்து ஓடுகிறது. ஒருதடவைக்கு நாலுதடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் இல்லை.

'பெயர் எழுத வேண்டாம்' என்று ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்துவிட்டு, தாளை நகலெடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பி, இது யார் எழுத்து என்று கேட்கிறாயே, இதைத்தான் உன் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களா? அந்த மனிதர் உன்னை நம்பி எழுதினார். முப்பத்தேழு பேர் உன்னைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள், ஒருவர்தான் ஏமாந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் உன்னுடையது. சங்கை ஊதிவிட்டாய், இனி கேட்காத மாதிரி இருக்க முடியாது. உடனே அந்தப் பாய்லரை நிறுத்து.

போன வருஷம் எங்கள் பதிவறைக்கு ஒரு கோப்பு வந்தது. ஏதோ ஒரு ஆலையில் குழாய் விட்டுப்போய் நீராவி முகத்தில் அடித்த ஆள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனித் தாள், இரண்டிலும் ஒரே வரி. நான்தான் அந்தக் கோப்பை முடித்துக் கட்டி அலமாரியில் வைத்தேன். நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த அலமாரிப் பக்கம் போகவே முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். எழுதியவரைக் கண்டுபிடித்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா? எடை கட்டியது குற்றம் என்று கேஸ், போலீஸ் என்று போகுமா? மேலே சொல்லித்தான் செய்தேன் என்று அவரே எழுதியிருக்கிறாரே, அதற்கு மதிப்பு உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டதாக அண்ணி சொல்லியிருந்தாள். நான் நன்றாக இருக்கிறேன். உன் மருமகள் கணக்கில் முதல், சண்டையிலும் முதல். யார் ஜாடை என்று உனக்கே தெரியும்.

எழுதினது யாராயிருந்தாலும் அவரை ஒன்றும் செய்துவிடாதே.

தங்கை

மார்ச் 10

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் சோப்பு ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். 'அவர் இல்லை' என்ற வரிக்கு வந்ததும் ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அடுத்ததைச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி பாய்லரை நிறுத்தச் சொல்லி இயக்குநரிடம் போனேன். "யார் சொன்னது?" என்றார். ஆய்வில் தெரியவந்தது என்றேன். பக்கத்தில் பணியாளர் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைச் 'சிரிப்பு' என்பார்கள். கெட்ட செய்தி சொல்லும்போது இன்னும் நன்றாகச் சிரிப்பார். வால்வை அடுத்த மாதப் பராமரிப்பில் பார்க்கலாம், இது ஆஸ்பத்திரி ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், ஒரு நாள்கூட நிறுத்த முடியாது என்றார் இயக்குநர். சிரிப்பு என்னைப் பார்த்து, "டின்னு நம்ம சோப்பு டின்னு. தாளு நம்ம தாளு. படிப்பும் நம்ம செலவு. அப்ப அதுல எழுதினது மட்டும் யாரோடது சார்?" என்று கேட்டார். 'ரகசியம் காத்தல்' என்று புத்தகத்தில் முழு அத்தியாயமே இருக்கிறது, அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன். ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. அந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"பாய்லர்ல இப்ப ரெண்டு பேர்தானே? ஒருத்தர் உங்க வீட்டு மாப்பிள்ளை" என்றார். "அவர் இல்லை, எழுத்தை வீட்டிலேயே பாத்தாச்சு" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஊமைக்கோட்டானைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தாளைக் கையில் கொடுத்தார்கள். நிறைய நேரம் பார்த்தார். "நீங்க எழுதினதா?" என்று சிரிப்பு கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டார்கள். இரும்பு தொங்கவிட்டதும் நீங்களா என்று கேட்டார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று இயக்குநர் எழுதச் சொல்லிவிட்டார். வதந்தி பரப்பியது, இயந்திரத்தைச் சேதப்படுத்தியது, இரண்டுக்கும் சேர்த்து இடைநீக்கம். வதந்தி என்றால் எடை இல்லை, எடை உண்டு என்றால் வதந்தி இல்லை. அதைக்கூட நான் எடுத்துச் சொல்லவில்லை.

போகும்போது பாய்லர் அறைச் சாவியை என் மேஜையில் வைத்தார். "தண்ணி மட்டத்த அடிக்கடி பாத்துக்கச் சொல்லுங்க சார்" என்றார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

குற்றம் செய்தவர் இப்படியா போவார் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். யோசனை வரும்போதெல்லாம் உன் வரியை எடுத்துப் படித்துக்கொள்கிறேன். எடை இன்னும் தொங்குகிறது. இரண்டு ஆளின் வேலையையும் இப்போது மாப்பிள்ளைதான் பார்க்கிறார், காலை ஆறிலிருந்து இரவு பத்து வரைக்கும். பராமரிப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் போதும்.

நீ எழுதிய ஒரு வரி நம் குடும்பத்தைக் காப்பாற்றியது.

உன் அண்ணன்

மார்ச் 12

அண்ணனுக்கு,

நேற்று இரண்டு தடவை உனக்குப் போன் அடித்தேன். நீ 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன். அது கம்பெனி போன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், காலையில் உன் கைக்கு வந்துவிடும். நின்றுகொண்டே படி.

அது அவர் எழுத்துதான்.

பன்னிரண்டு வருஷமாக அவர் எழுதும் மளிகைச் சீட்டைப் படிக்கிறேன். எனக்குத் தெரியாதா? உன் உறையிலிருந்து அந்த நகல் பாதி வெளியே வந்தபோதே தெரிந்தது. 'வயிறு கலங்குது' என்ற இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டே பேர் என்று நீ எழுதியிருந்தாய். அவர் இல்லை என்று நான் எழுதினால் இன்னொருவர் தலையில்தான் விடியும் என்று தெரிந்தேதான் எழுதினேன். அந்த இன்னொருவர் முகத்தை நான் பார்த்ததில்லை, அதனால் சுலபமாக எழுத முடிந்தது. பாவி நான்.

உன் கடிதம் வந்ததும் என் புருஷனைப் போனில் கூப்பிட்டேன். பதினாறு மணி நேர வேலையைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். கேட்டதும் அழுதார். எல்லாவற்றையும் சொன்னார். நீயும் கேட்டுக்கொள்.

போன ஏப்ரலில் பாய்லரை ஏன் நிறுத்தினார் என்று நீ கேட்கவே இல்லையாம். வால்வு ஒழுகியதாம், புதிது வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாராம். வால்வு வரவில்லை, உன் மெமோ வந்தது. டிசம்பரில் மறுபடி ஒழுகியது. உன் அறைக்கு வந்தார். நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: "நிறுத்தணும் சார்னேன். போனைக் கையால மூடிக்கிட்டு, 'நிறுத்துற பேச்சே வேணாம், எப்படியாவது ஓட்டுங்க, எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம்'னார். எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்."

'மேலே சொன்னாங்க' என்று அந்தத் தாளில் இருக்கிறதே, அந்த மேலே நீதான். உனக்கு ஞாபகம்கூட இருக்காது. எத்தனை பேருக்கு எத்தனை 'எப்படியாவது' சொன்னாயோ.

இப்போது கேள். நேற்று முன்தினம் சாயங்காலம் நின்றபடியே அவருக்குக் கண் சொருகிவிட்டதாம். விழித்துப் பார்த்தால் அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றதாம். வால்வு திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? எல்லாத்தையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள் என்று கத்தினேன். "நான் வெளிய வந்தா உள்ள யாரு பாக்கறது? செவுத்துக்கு அந்தப் பக்கம் பதினாறு பேர் நிக்கறாங்க" என்றார். பதிவறையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு புதுக் கோப்பு வரும்போதும் பெயரைப் பார்க்க பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், என் மேலும் சேர்த்துத்தான். மெமோ கொடுத்தபோது சொந்தக்காரன் என்று பார்க்கவில்லை என்றாய். தாளைக் கொடுத்தபோது பார்த்தாய். அது என் புருஷன் எழுத்து என்று நான் சொல்லியிருந்தால், சிரிப்பு என்ன மிரட்டியிருந்தாலும் நீ கொடுத்திருக்கமாட்டாய்.

திட்டுவதானால் அப்புறம் திட்டு. முதலில் ஓடு.

தங்கை

மார்ச் 13, பாய்லர் அறை

தங்கச்சிக்கு,

எட்டரைக்கு உன் கூரியர் வந்தது. இப்போது மணி ஒன்பது ஐந்து. மாப்பிள்ளை உயிரோடு, முழுசாக, என் எதிரில் நிற்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன். சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று யாரோ இரண்டு தடவை அடித்து வைத்ததும், சிரிப்புதான் என்னைச் சோதிக்கிறார் என்று பயந்து மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஓடிவந்ததும் இஸ்திரிப் பக்கம் போய் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். ஒரு அம்மா, "விரிப்பு பாதியில நிக்குதுங்க" என்றாள். தீய்ந்தால் தீயட்டும் என்றேன். பதினாறு பேரும் வாசலைத் தாண்டும் வரை தலையை எண்ணினேன். பிறகு இந்தக் கதவைத் திறந்தேன். முள் ஒன்பதரையில் இருந்தது. சிவப்புக் கோடு ஏழில் இருக்கிறது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் என்னையே பார்த்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. "எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க, கூட நிக்கறேன். எப்படின்னு எனக்குத் தெரியணும்" என்றேன். எரிபொருளை அடைத்தார். நான் மேலே ஏறி அந்த இரும்பை எடுத்துவிடப் போனேன். "தொடாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். இந்த அழுத்தத்தில் சட்டென்று எடுக்கக் கூடாதாம். மெதுவாகத்தான் இறக்க வேண்டுமாம். நீராவியைக் காலி உருளைகளுக்குத் திருப்பிவிட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

ஒன்பது இருபது. முள் ஒன்பதில். "நீங்க வெளிய போங்க சார், ஒருத்தர் போதும்" என்கிறார். போகவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதே, வெளியே நின்றால் இன்னும் பயம்.

ஒன்பது நாற்பது. எட்டு. எங்கேயோ ஒரு குழாய் படக்கென்று சத்தம் போட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. சிரிப்பு கதவு வரை வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று அங்கிருந்தே கேட்டார். உள்ளே வாருங்கள், முள்ளைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். வரவில்லை. அவர் சிரிக்காமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன்.

பத்து ஐந்து. ஆறு. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எப்ப தெரிஞ்சுது மச்சான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் மட்டத்தையும் அடிக்கடி பார்க்கிறேன்.

மாலை. முள் இறங்கிவிட்டது, அவரே மேலே ஏறி எடையை அவிழ்த்தார். தள்ளுவண்டியின் உடைந்த சக்கரம். அதை என் மேஜையில் வைத்திருக்கிறேன். பாய்லர் ஆய்வாளர் அலுவலகத்துக்கு நானே போனேன். நாளை வந்து பூட்டி முத்திரை வைப்பார்கள்.

போவதற்கு முன் மிச்சம் இருந்த கேள்வித்தாள்களில் ஒன்றை எடுத்து நான் நிரப்பினேன். ஒன்பதாவது கேள்விக்கு இப்படி எழுதினேன்: 'இரண்டாம் பாய்லரின் வால்வில் எடை தொங்கியது. எப்படியாவது ஓட்டு என்று சொன்னவன் நான். எப்படி என்று கேட்காதவனும் நான். முதலில் வந்த தாளை எழுதிய குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர் அதை எழுதவில்லை. அவர் பெயரைக் கொடுத்தவனும் நான்.' மேலே 'பெயர் எழுத வேண்டாம்' என்று இருந்ததை அடித்துவிட்டு, பதவியோடு முழுப் பெயரையும் எழுதினேன். நகல் எடுத்து, ஒன்று ஆய்வாளருக்கு, ஒன்று இயக்குநருக்கு. இயக்குநர் படித்து முடிப்பதற்குள் என் போனையும் அறைச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வேலை போய்விட்டது என்று நினைக்கிறேன். விசாரணை வரும். மாப்பிள்ளைக்கும் வரும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி இருக்கிறது, இதில் தூக்கம் வரும் போலிருக்கிறது.

அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எப்போது தெரிந்தது, யார் சொன்னது என்று நீயே சொல்.

உன் அண்ணன்

மார்ச் 17

அண்ணனுக்கு,

நீ எழுதினதில் மன்னிப்பு என்ற வார்த்தை இந்தத் தடவையும் இல்லை. தேடவில்லை, சும்மா கண்ணில் பட்டது.

அவரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, இல்லை என்று அண்ணனுக்கு எழுதினேன் என்றேன். கோபித்துக்கொள்வார், இல்லையென்றால் எனக்காகத்தானே செய்தாய் என்று தேற்றுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "அவருக்கும் தெரியுமே" என்றார். யாருக்கு என்றேன்.

ஊமைக்கோட்டானுக்கு.

"அவரும் நானும் ஆறு வருஷமா ஒரே பதிவேட்டுல அடுத்தடுத்த வரியில எழுதறோம். என் ஷிஃப்ட் முடிஞ்ச இடத்துல அவர் தொடங்குவார். அந்தத் தாளைக் கையில வாங்கினதும் யார் எழுத்துன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மிச்சம் நான் ஒருத்தன்தானே. அதான் சொல்லல" என்றார். அதுவும் தெரிந்துதான் இவர் நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டு இரண்டு ஷிஃப்ட் பார்த்திருக்கிறார். பயத்தில் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லையாம்.

எழுத்தைப் பார்த்த இரண்டு பேருக்கும் அது யாருடையது என்று தெரியும், அண்ணா. நான் கட்டின பெண்டாட்டி, பொய் சொன்னேன். அவர் உறவுமில்லை, சிநேகிதமுமில்லை, கூட வேலை பார்க்கிற ஆள். பேசாமல் இருந்து வேலையை இழந்தார். இதை எந்தத் தலைப்பில் எழுதிக் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆய்வாளர் முன்னால் நீ சொன்னதை வைத்து அவரைத் திரும்ப எடுப்பார்கள் என்று அண்ணி எழுதியிருக்கிறாள். எடுக்கட்டும். அது கம்பெனி செய்வது. நாம் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். லீவு போட்டுவிட்டேன். பஸ் நாலு மணிக்கு வந்து சேரும். உன் வீட்டுக்கு வரவில்லை, இவர் தங்கியிருக்கும் அறைக்கும் போகவில்லை. நேராக ஊமைக்கோட்டான் வீட்டுக்குப் போக வேண்டும். வழி உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆறு வருஷம் வேலை வாங்கினாய், வீடு எங்கே என்று கேட்டிருக்கமாட்டாய். இவருக்குத் தெரியும், இவரையும் கூட்டிக்கொண்டு வா. அவரை உண்மையில் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுவை. அந்தப் பட்டப்பெயரோடு நான் அங்கே போய் நிற்கமாட்டேன்.

பொய் எழுதினவள் நான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்ல வேண்டியதை நீ சொல். முன்கூட்டியே எழுதி வைத்துப் படிக்காதே. அவர் வீட்டு அம்மா கதவைத் திறந்து, நம்மைப் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்பாளே, அந்த நிமிஷத்தை நினைத்தால் போட்ட லீவை ரத்து செய்துவிடலாமா என்று இருக்கிறது. கோட்டைத் தாண்டின பாய்லர் முன்னால் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது.

கதவைத் திறக்காமலும் இருக்கலாம். திறக்கும் வரை நிற்போம்.

தங்கை